கிட் ரெப்போல வேண்டாத ஃபைல் எல்லாம் ஏறாம பாத்துக்கறது எப்படி

ஒரு ஃபைல் ரெப்போக்குள்ள (கிட்ங்கற டூல் உங்க கோடையும் அதுல நடந்த மாத்தத்தையும் பதிவு பண்ணி வைக்கிற இடம்) இருக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண ஒரே கேள்வி போதும், இதை யாராவது உக்காந்து எழுதினாங்களா இல்ல ஏதோ ஒரு டூல் தானா உண்டாக்குச்சா. எழுதினதுன்னா உள்ள. தானா வந்தது, இன்னொரு தடவை கமாண்ட் அடிச்சா திரும்பவும் வந்துடும்னா வெளிய. நோட்_மாட்யூல்ஸ், பைத்தான் ஓடும்போது முளைக்கிற __பைகேஷ்__, ஜாவாக்காரங்களோட டார்கெட் ஃபோல்டர், ஃப்ரன்ட்எண்ட் பில்ட் பண்ணா வர்ற டிஸ்ட், வர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர் எல்லாம் வெளிய நிக்கவேண்டிய கூட்டம். இதுல ரெண்டே ரெண்டு இடத்துல கணக்கு மாறும். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ இருக்கற .ஈஎன்வி மாதிரி ஃபைல் நீங்களே கையால அடிச்சதா இருந்தாலும் உள்ள போகவே கூடாது. பேக்கேஜ்-லாக்.ஜேசன் மாதிரி எந்தெந்த பேக்கேஜ் எந்த வர்ஷன்னு பூட்டி வைக்கிற ஃபைல் டூல் எழுதினதுதான், ஆனா அது கண்டிப்பா உள்ள இருக்கணும், இல்லன்னா உங்க மெஷின்ல ஒரு வர்ஷன் இன்னொருத்தர் மெஷின்ல வேற வர்ஷன்னு ஓடி ரெண்டு பேரும் ஒரே கோடை பாத்துட்டு வேற வேற எர்ரரைப் பத்தி பேசிட்டு இருப்பீங்க.

இதைச் செய்யறதுக்கு கிட் குடுக்கற வழி .கிட்இக்னோர்னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதை எல்லாரும் ஏதாவது ஒரு டெம்ப்ளேட்ல இருந்து காப்பி பண்ணி போட்டுட்டு மறந்துடறாங்க, அப்புறம் ஒருநாள் "நான்தான் இக்னோர்ல போட்டிருக்கேனே, ஏன் இன்னும் ஸ்டேட்டஸ்ல வருது"ன்னு தலையைப் பிச்சுக்கறாங்க. முதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கோங்க. இக்னோர்ல போடறதால ஒரு ஃபைல் ரெப்போல இருந்து போயிடாது, ரகசியமா ஆகிடாது, பத்திரமாவும் இருக்காது. கிட்டுக்கு இதுவரைக்கும் தெரியாத ஃபைலை இனிமே புதுசா சேக்காதேன்னு சொல்றது மட்டும்தான் அதோட வேலை. கீழ சொல்லப்போற குழப்பத்துல முக்கால்வாசி இதை மறக்கறதால வர்றதுதான்.

(கமாண்ட், ஃபைல் பேர் எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், டெர்மினல்ல வழக்கம்போல இங்கிலீஷ்லயே அடிச்சுக்கோங்க.)

ஃபைலை ரெப்போவோட ரூட்ல, அதாவது .கிட் ஃபோல்டர் இருக்கற அதே இடத்துல உண்டாக்குங்க. பேர் புள்ளியில ஆரம்பிக்கணும், பின்னாடி எக்ஸ்டென்ஷன் எதுவும் கிடையாது. விண்டோஸ்ல நோட்பேட்ல சேவ் பண்ணா அது பாட்டுக்கு பின்னாடி .டிஎக்ஸ்டின்னு ஒட்டிவிட்டுடும், எக்ஸ்ப்ளோரர்ல எக்ஸ்டென்ஷன் மறைஞ்சிருந்தா உங்க கண்ணுக்கே தெரியாது. இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. விண்டோஸ் கூடவே வர்ற பழைய பவர்ஷெல் 5.1ல எக்கோ போட்டு > குறியால ஃபைலுக்கு அனுப்பினா அது யூடிஎஃப்-16ல எழுதும், எடிட்டர்ல திறந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும், ஆனா கிட்டுக்கு அதுல ஒரு வரிகூட புரியாது. எழுதின பேட்டர்ன் எல்லாம் சரியா இருந்தும் ஒண்ணுமே வேலை செய்யலன்னா எடிட்டரோட கீழ் மூலையில என்ன என்கோடிங்னு பாருங்க, யூடிஎஃப்-8 இல்லன்னா மாத்தி சேவ் பண்ணுங்க.

சின்னதா ஒண்ணு எழுதிப் பாப்போம்:

# பில்ட் பண்ணா வர்றது
டிஸ்ட்/
நோட்_மாட்யூல்ஸ்/
*.லாக்
.ஈஎன்வி

ஒரு வரிக்கு ஒரு பேட்டர்ன். # போட்டு ஆரம்பிச்சா கமென்ட். ஆனா வரியோட தொடக்கத்துல இருந்தாத்தான் கமென்ட், "*.லாக் # இது லாக் ஃபைல்"னு பக்கத்துலயே எழுதினா கிட் அந்த முழு வரியையும் ஒரு பேட்டர்னா எடுத்துக்கும், அப்படி ஒரு பேர்ல எந்த ஃபைலும் இருக்காது, அதனால எதுவும் இக்னோர் ஆகாது, எர்ரரும் வராது. மத்த கான்ஃபிக் ஃபைல்ல பழகின கைக்கு இது ரொம்ப சாதாரணமா நடக்கும். நட்சத்திரம் போட்டா ஸ்லாஷ் தவிர எதுவேணா எத்தனை எழுத்து வேணா, கேள்விக்குறின்னா ஒரே ஒரு எழுத்து, சதுர அடைப்புக்குள்ள [0-9]னு போட்டா அந்த வரிசையில ஏதாவது ஒண்ணு. ஷெல்ல பழகினவங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்ல, மேல போவோம்.

ஸ்லாஷ்லதான் விஷயமே இருக்கு. டிஸ்ட்னு ஸ்லாஷ் இல்லாம எழுதினா அந்தப் பேர்ல ஃபைல் இருந்தாலும் சரி ஃபோல்டர் இருந்தாலும் சரி, ரெப்போல எத்தனை ஆழத்துல இருந்தாலும் பிடிக்கும். டிஸ்ட்/ னு பின்னாடி ஸ்லாஷ் போட்டா ஃபோல்டரை மட்டும் பிடிக்கும், ஆனா அதுவும் எந்த ஆழத்துல இருந்தாலும்தான். /டிஸ்ட்னு முன்னாடி போட்டா இந்த இக்னோர் ஃபைல் இருக்கற அதே இடத்துல இருக்கறதை மட்டும் பிடிக்கும், உள்ள எங்கயாவது இன்னொரு டிஸ்ட் இருந்தா அதைத் தொடாது. இதுவரைக்கும் பெரும்பாலானவங்களுக்குத் தெரியும். தெரியாதது நடுவுல வர்ற ஸ்லாஷ். சோர்ஸ்/டிஸ்ட்னு எழுதினா முன்னாடி ஸ்லாஷ் போடாட்டியும் போட்ட மாதிரியே கணக்கு, அதாவது ரூட்ல இருக்கற சோர்ஸுக்குள்ள இருக்கற டிஸ்ட் மட்டும், பேக்கெண்ட்/சோர்ஸ்/டிஸ்ட் இருந்தா அது மாட்டாது. அதுவும் மாட்டணும்னா **/சோர்ஸ்/டிஸ்ட்னு ரெட்டை நட்சத்திரம் போடணும். அதே ரெட்டை நட்சத்திரத்தை நடுவுலயும் போடலாம், லாக்ஸ்/**/டீபக்.லாக்னா லாக்ஸுக்குள்ள நேரா இருந்தாலும் பிடிக்கும், பத்து ஃபோல்டர் தாண்டி இருந்தாலும் பிடிக்கும்.

இந்த "எந்த ஆழத்துல இருந்தாலும்"ங்கற சமாச்சாரம் எப்படி அடிக்கும்னு ஒரு உதாரணம் சொல்றேன், இது நிறைய பேர் மாட்டுற இடம். கிட்ஹப் பொதுவா வெச்சிருக்கற இக்னோர் டெம்ப்ளேட் ரெப்போல பைத்தானுக்கான டெம்ப்ளேட்டை எடுத்துப் பாத்தீங்கன்னா அதுல லிப்/ னு ஒரு வரி இருக்கும், பைத்தான் பேக்கேஜ் பண்றப்ப அந்தப் பேர்ல ஒரு ஃபோல்டர் வரும்ங்கறதுக்காகப் போட்டது. இப்ப நீங்க பேக்கெண்டை பைத்தான்லயும் ஃப்ரன்ட்எண்டை ஜாவாஸ்க்ரிப்ட்லயும் ஒரே ரெப்போல வெச்சிருக்கீங்க, ஃப்ரன்ட்எண்ட்/சோர்ஸ்/லிப்னு ஒரு ஃபோல்டர்ல நீங்களே எழுதின கோடு இருக்கு. அது சத்தமில்லாம இக்னோர் ஆயிடும். உங்க மெஷின்ல ஃபைல் இருக்கு, அதனால எல்லாம் ஓடும், டெஸ்ட் பாஸ் ஆகும், நிம்மதியா புஷ் பண்ணுவீங்க. சிஐ சர்வர்ல (புஷ் பண்ணதும் தானா பில்ட், டெஸ்ட் ஓட்டற மெஷின்) "மாட்யூல் கிடைக்கல"ன்னு விழும், கூட வேலை செய்யறவர் க்ளோன் பண்ணா அவருக்கும் விழும், "என் மெஷின்ல ஓடுதே"ங்கற பழைய பாட்டைப் பாடிட்டு இம்போர்ட் பாத்தையே தேடிட்டு இருப்பீங்க. டெம்ப்ளேட் வேண்டாம்னு சொல்லல, நல்ல தொடக்கம்தான். ஆனா காப்பி பண்ணினா ஒவ்வொரு வரியையும் ஒருதடவை படிச்சு, உங்க ரெப்போக்கு சம்பந்தம் இல்லாததை தூக்கிடுங்க. இருபது வரி இருக்கற இக்னோர் ஃபைல் போதும், இருநூறு வரி இருக்கறதை யாரும் படிக்கவும் மாட்டாங்க நம்பவும் முடியாது.

இந்த மாதிரி நேரத்துல குத்துமதிப்பா பேட்டர்னை மாத்தி மாத்தி பாக்காதீங்க, கேட்டா கிட்டே சொல்லும்:

கிட் செக்-இக்னோர் -வி ஃப்ரன்ட்எண்ட்/சோர்ஸ்/லிப்/ஏபிஐ.ஜேஎஸ்

பதில் இப்படி வரும்:

.கிட்இக்னோர்:14:லிப்/    ஃப்ரன்ட்எண்ட்/சோர்ஸ்/லிப்/ஏபிஐ.ஜேஎஸ்

முதல்ல எந்த இக்னோர் ஃபைல், அப்புறம் எத்தனாவது வரி, அப்புறம் அந்த வரியில இருக்கற பேட்டர்ன், கடைசியா நீங்க கேட்ட ஃபைல். 14வது வரியைத் திறந்து /லிப்/ னு முன்னாடி ஒரு ஸ்லாஷ் போட்டா வேலை முடிஞ்சுது. இதுல ரெண்டு நுணுக்கம் இருக்கு. -வி போட்டா, ஆச்சரியக்குறி போட்டு விலக்கின பேட்டர்ன் மாட்டினாலும் அதையும் காட்டும், அதனால பதில் வந்துடுச்சுன்னாலே இக்னோர்னு நினைக்காம பேட்டர்ன் ! ல ஆரம்பிக்குதான்னு பாருங்க. பதிலே வரலன்னா ஒண்ணு எந்தப் பேட்டர்னும் மாட்டல, இல்ல அந்த ஃபைல் ஏற்கனவே கிட்டுக்குள்ள இருக்கு. ரெண்டுல எதுன்னு தெரிய --நோ-இண்டெக்ஸ் சேத்து அடிங்க, அப்ப உள்ள இருக்கற ஃபைலா இருந்தாலும் பேட்டர்ன் மாட்டுதான்னு மட்டும் பாத்து சொல்லும். எது எதெல்லாம் இப்ப இக்னோர் ஆகுதுன்னு மொத்தமா பாக்கணும்னா கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்டு.

ஆச்சரியக்குறின்னு சொன்னேன்ல, அது விலக்கு குடுக்கறது. *.லாக்னு எல்லாத்தையும் தள்ளிட்டு அடுத்த வரியில !முக்கியம்.லாக்னு போட்டா அது ஒண்ணு மட்டும் உள்ள வரும். ஒரே ஃபைலுக்குள்ள கடைசியா எந்த வரி மாட்டுதோ அதுதான் செல்லும், அதனால வரிசை முக்கியம், விலக்கை மேலயும் தள்ளுறதை கீழயும் எழுதினா விலக்கு வீண். லினக்ஸ் கெர்னலோட இக்னோர் ஃபைலைப் பாத்தா இது அழகா புரியும், புள்ளியில ஆரம்பிக்கற எல்லாத்தையும் .* னு ஒரே வரியில தள்ளிட்டு கீழ !.கிட்இக்னோர், !.மெயில்மேப்னு வேணுங்கறதை ஒவ்வொண்ணா திருப்பி உள்ள இழுத்திருப்பாங்க.

ஆனா ஃபோல்டர்னு வந்தா இது மக்கர் பண்ணும். இப்படி எழுதறாங்க:

டேட்டா/
!டேட்டா/சாம்பிள்.சிஎஸ்வி

பாக்க சரியா இருக்கு, வேலை செய்யாது. ஃபோல்டரையே தள்ளிட்டா கிட் அதுக்குள்ள நுழைஞ்சே பாக்காது, வேகத்துக்காக அப்படி வெச்சிருக்காங்க, நுழையாத இடத்துல இருக்கற ஃபைலுக்கு விலக்கு குடுத்து என்ன பிரயோஜனம். ஃபோல்டரைத் தள்ளாம அதுக்குள்ள இருக்கறதைத் தள்ளணும்:

/டேட்டா/*
!/டேட்டா/சாம்பிள்.சிஎஸ்வி

இப்ப வேலை செய்யும். வேணுங்கற ஃபைல் இன்னும் ஒரு ஃபோல்டர் உள்ள இருந்தா படிப்படியா கதவைத் திறந்துட்டுப் போகணும்:

/டேட்டா/*
!/டேட்டா/டெஸ்ட்/
/டேட்டா/டெஸ்ட்/*
!/டேட்டா/டெஸ்ட்/சாம்பிள்.சிஎஸ்வி

நாலு வரி. எல்லாத்தையும் தள்ளு, டெஸ்ட் ஃபோல்டரை மட்டும் விடு, அதுக்குள்ள எல்லாத்தையும் தள்ளு, சாம்பிளை மட்டும் விடு. பாக்க அசிங்கமாத்தான் இருக்கு, வேற வழி இருக்கான்னா இருக்கு, ஒரே ஒரு ஃபைல்தான்னா இதெல்லாம் எழுதாம கிட் ஆட் -எஃப் போட்டு வலுக்கட்டாயமா ஒருதடவை உள்ள சேத்துடலாம், சேத்ததுக்கப்புறம் அது கிட்டுக்குத் தெரிஞ்ச ஃபைல், இக்னோர் அதை ஒண்ணும் பண்ணாது. நான் இருந்தா நாலு வரியைத்தான் எழுதுவேன், ஏன்னா -எஃப் போட்டது எங்கயும் பதிவாகாது, ஆறு மாசம் கழிச்சு இது எப்படி உள்ள வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

காலியா ஒரு ஃபோல்டர் ரெப்போல வேணும்னு கேப்பாங்க, கிட் ஃபைலைத்தான் பதிவு பண்ணும் ஃபோல்டரை இல்ல, அதனால உள்ள ஏதாவது ஒரு ஃபைல் வேணும். .கிட்கீப்னு ஒரு காலி ஃபைலைப் போடற வழக்கம் இருக்கு, அந்தப் பேருக்கு கிட்ல எந்த அர்த்தமும் கிடையாது, சும்மா ஊர்வழக்கம். அதுக்குப் பதிலா அந்த ஃபோல்டருக்குள்ளயே ஒரு .கிட்இக்னோர் வெச்சு முதல் வரி * ரெண்டாவது வரி !.கிட்இக்னோர்னு எழுதிட்டா ஃபோல்டரும் நிக்கும், உள்ள விழற குப்பையும் ஏறாது.

இப்ப முக்கால்வாசி பேர் தேடி வர்ற கேள்வி, இக்னோர்ல போட்டும் ஏன் இன்னும் மாடிஃபைடுன்னு காட்டுது. ஏன்னா அது ஏற்கனவே கமிட் ஆயிடுச்சு. முன்னாடியே சொன்ன மாதிரி உள்ள வந்த ஃபைலை இக்னோர் தொடாது. கிட்டோட லிஸ்ட்ல இருந்து மட்டும் எடுக்கணும், டிஸ்க்ல இருக்கணும்:

கிட் ஆர்எம் --கேஷ்டு கான்ஃபிக்.லோக்கல்.ஜேசன்

ஃபோல்டர்னா கூட -ஆர் சேத்துக்கோங்க. --கேஷ்டு மறந்துட்டா டிஸ்க்ல இருந்தும் போயிடும், அதனால என்டர் தட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை கண்ணால பாருங்க. அப்புறம் கமிட் பண்ணுங்க. இங்க ஒரு ஆபத்து இருக்கு, இதைச் சொல்லாமயே நிறைய பேர் இந்தக் கமாண்டை சொல்லிக்குடுக்கறாங்க. உங்க டிஸ்க்ல ஃபைல் பத்திரமா இருக்கும். ஆனா அந்தக் கமிட்ல "இந்த ஃபைல் நீக்கப்பட்டது"ன்னுதான் பதிவாகியிருக்கும், அதனால டீம்ல இருக்கற மத்தவங்க புல் பண்ணா அவங்க டிஸ்க்ல இருந்து அந்த ஃபைல் காணாமப் போயிடும். அவங்க அதுல தனக்குன்னு ஏதாவது மாத்தி கமிட் பண்ணாம வெச்சிருந்தா கிட் புல்லையே நிறுத்தி அவங்களைக் கேக்கும், மாத்தாம வெச்சிருந்தா கேக்காம எடுத்துடும், அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகாம நிக்கும். அதனால புஷ் பண்றதுக்கு முன்னாடி டீம் க்ரூப்ல ஒரு வரி போட்டுடுங்க, அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்கன்னு.

இந்த மாதிரி உள்ள வந்து உக்காந்திருக்கற ஃபைல் எத்தனைன்னு பாக்க ஒரு கமாண்ட் இருக்கு:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -சிஐ --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்டு

இக்னோர் பேட்டர்ன்லயும் மாட்டி, கிட்டுக்குள்ளயும் இருக்கறது எல்லாம் வரிசையா வரும். லிஸ்ட் நீளமா இருந்தா கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்டு . னு மொத்தத்தையும் எடுத்துட்டு கிட் ஆட் . னு திரும்ப சேக்கறது பரவலா சொல்ற வைத்தியம். வேலை செய்யும், ஆனா கமிட் பண்ணாத மாத்தம் எதுவும் இல்லாம சுத்தமா வெச்சுட்டு செய்யுங்க, ஏற்கனவே -எஃப் போட்டு உள்ள கொண்டுவந்த ஃபைலும் சேந்து வெளிய போயிடும்ங்கறதால கமிட்டுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ்ல டெலிடெட்னு வர்ற ஒவ்வொண்ணையும் பாத்துடுங்க.

"கான்ஃபிக் ஃபைல் ரெப்போல இருக்கணும், ஆனா என் மெஷின்ல நான் மாத்தறது மட்டும் கமிட்டுக்கு வரக்கூடாது"ன்னு ஒரு ஆசை எல்லாருக்கும் வரும். தேடினா அப்டேட்-இண்டெக்ஸ் கூட --அஸ்யூம்-அன்சேஞ்டு, --ஸ்கிப்-வொர்க்ட்ரீன்னு ரெண்டு ஆப்ஷன் கிடைக்கும். ரெண்டும் இதுக்காக செஞ்சது இல்லன்னு கிட் டாக்குமென்டேஷனே சொல்லுது. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ப்ராஞ்ச் மாத்தும்போதோ புல் பண்ணும்போதோ "உங்க மாத்தம் அழிஞ்சுடும்"னு தடுக்கும், ஸ்டேட்டஸ்ல பாத்தா எந்த மாத்தமும் தெரியாது, ஏன்னா மறைச்சு வெச்சதே நீங்கதான். நல்ல வழி, .ஈஎன்வி.எக்ஸாம்பிள்னு ஒரு மாதிரி ஃபைலை மட்டும் கமிட் பண்ணிட்டு நிஜ .ஈஎன்வியை இக்னோர்ல போடறது. புதுசா சேர்றவர் மாதிரியை காப்பி பண்ணி தன்னோட மதிப்பைப் போட்டுக்குவார். மாதிரி ஃபைல்ல எல்லா வேரியபிள் பேரும் இருக்கணும், மதிப்பு மட்டும் பொய்யா இருக்கணும், புதுசா ஒரு வேரியபிள் சேத்தா மாதிரியிலயும் சேக்கணும். இதை மறந்தா அடுத்து வர்ற ஆள் உங்களைத்தான் தேடி வருவார்.

இக்னோர் பேட்டர்ன் எழுத மூணு இடம் இருக்கு. ரெப்போக்குள்ள இருக்கற .கிட்இக்னோர் எல்லாருக்கும் பொது, அதை கமிட் பண்ணணும், ஒவ்வொரு ஃபோல்டர்லயும் தனித்தனியா வெச்சுக்கலாம், உள்ள இருக்கற ஃபைல் சொல்றது மேல இருக்கறதை மிஞ்சும். .கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்னு ஒண்ணு ஏற்கனவே உங்க ரெப்போல இருக்கு, பெரும்பாலும் யாரும் திறந்திருக்கவே மாட்டாங்க. இந்த ஒரு ரெப்போல எனக்கு மட்டும்னு சொல்ற இடம் அது, கமிட்டுக்குப் போகாது, நீங்க பரீட்சார்த்தமா எழுதின ஸ்க்ரிப்ட், நோட்ஸ்.டிஎக்ஸ்டி எல்லாம் அங்க எழுதுங்க. மூணாவது உங்க மெஷின்ல இருக்கற எல்லா ரெப்போக்கும் சேத்து. மேக்ல .டிஎஸ்_ஸ்டோர், விண்டோஸ்ல தம்ப்ஸ்.டிபி, எடிட்டர் போடற ஸ்வாப் ஃபைல் எல்லாம் இங்கதான் இருக்கணும்:

கிட் கான்ஃபிக் --க்ளோபல் கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல் ~/.கிட்இக்னோர்_க்ளோபல்

இதை செட் பண்ணாம விட்டாலும் ~/.கான்ஃபிக்/கிட்/இக்னோர்ங்கற ஃபைலை கிட் தானா தேடிப் பாக்கும், அங்கயே எழுதிட்டாலும் சரிதான். என்னைக் கேட்டா உங்க ஆபரேட்டிங் சிஸ்டம், உங்க எடிட்டர் சம்பந்தப்பட்டதை ப்ராஜெக்டோட இக்னோர்ல எழுதறது நாகரிகம் இல்ல, டீம்ல அஞ்சு பேர் அஞ்சு எடிட்டர் வெச்சிருந்தா அஞ்சு பேரோட குப்பை லிஸ்டும் ப்ராஜெக்ட்ல வந்து உக்காரும். இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, புதுசா வர்றவர் க்ளோபல் செட் பண்ணாம .டிஎஸ்_ஸ்டோரை கமிட் பண்ணிடுவார்னு. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல முகம் தெரியாதவங்க கோடு அனுப்பறப்ப அந்த வாதத்துல நியாயம் இருக்கு.

ரகசியம் கமிட் ஆயிடுச்சுன்னா என்ன பண்றது. முதல்ல அந்தக் கீயை செல்லாததாக்கிட்டு புதுசு வாங்குங்க. மத்தது எல்லாம் அப்புறம். ஃபைலை அழிச்சு இன்னொரு கமிட் போட்டாலும், இக்னோர்ல சேத்தாலும், பழைய கமிட்டைத் திறந்தா அது அப்படியேதான் இருக்கும், கிட்டோட பொழப்பே பழசை மறக்காம வெச்சிருக்கறதுதானே. பப்ளிக் ரெப்போன்னா கீயைத் தேடி அலையற தானியங்கி ப்ரோக்ராமுங்க உங்களுக்கு முன்னாடி பாத்திருக்கும்னே வெச்சுக்கோங்க. ஹிஸ்டரியில இருந்தே எடுக்கணும்னா கிட் ஃபில்டர்-ரெப்போன்னு தனியா ஒரு டூல் இருக்கு, பழைய ஃபில்டர்-ப்ராஞ்சுக்குப் பதிலா இதைத்தான் கிட் டாக்குமென்டேஷனே சொல்லுது. புதுசா ஒரு க்ளோன் எடுத்து அதுல ஓட்டணும், அந்த ஃபைல் நுழைஞ்ச இடத்துல இருந்து பின்னாடி எல்லா கமிட்டோட ஐடியும் மாறிடும், ஃபோர்ஸ் புஷ் பண்ணணும், டீம்ல எல்லாரும் பழைய க்ளோனைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எடுக்கணும், ஒருத்தர் பழசுல இருந்து மெர்ஜ் பண்ணி புஷ் பண்ணிட்டா போனது திரும்ப வந்துடும். இவ்வளவும் பண்ணாலும் ஃபோர்க் எடுத்தவங்ககிட்ட, ஏற்கனவே க்ளோன் பண்ணினவங்ககிட்ட இருக்கறதை ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலதான் கீயை மாத்தறது முதல் வேலை. மாத்திட்டீங்கன்னா ஹிஸ்டரியை சுத்தம் பண்ற இந்த கூத்தே பலநேரம் தேவைப்படாது.

பெரிய ஃபைலும் இதே கதைதான். கிட்ஹப்ல ஒரு ஃபைல் 50 எம்பிக்கு மேல போனா எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேல போனா புஷ்ஷையே தடுத்துடும். உடனே ஃபைலை அழிச்சு, இக்னோர்ல போட்டு, இன்னொரு கமிட் போட்டு, திரும்ப புஷ் பண்ணுவாங்க, அப்பவும் தடுக்கும், ஏன்னா முந்தின கமிட்ல அது இருக்கு, புஷ் பண்றப்ப எல்லா கமிட்டும் போகணும். கடைசி கமிட்லதான் சேந்துச்சுன்னா கிட் ஆர்எம் --கேஷ்டு போட்டு எடுத்துட்டு கிட் கமிட் --அமெண்ட் பண்ணா போதும். நாலஞ்சு கமிட் தள்ளிப் போயிடுச்சு, எதுவும் இன்னும் புஷ் ஆகல, ரிமோட்லயும் புதுசா எதுவும் வரலன்னா, கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின் அடிச்சா கமிட் எல்லாம் கலைஞ்சு மாத்தம் மட்டும் ஸ்டேஜ்ல நிக்கும், பெரிய ஃபைலை எடுத்துட்டு ஒரே கமிட்டா போட்டுடலாம். பெரிய ஃபைல் நிஜமாவே ரெப்போல வேணும்னா அது இக்னோர் விஷயம் இல்ல, பெரிய ஃபைலை தனியா வெச்சுக்கற கிட் எல்எஃப்எஸ் பக்கம் போங்க.

பத்திரமா இருக்காதுன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். இக்னோர் பண்ணின ஃபைலை கிட் போனா போகட்டும்னு நினைக்கற ஃபைலாத்தான் பாக்குது. நீங்க மெயின் ப்ராஞ்ச்ல செட்டிங்ஸ்.ஜேசனை இக்னோர்ல போட்டு உங்க மதிப்பு எல்லாம் அதுல வெச்சிருக்கீங்க, பழைய ப்ராஞ்ச் ஒண்ணுல அதே ஃபைல் கமிட் ஆகியிருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த ப்ராஞ்சுக்கு செக்அவுட் பண்ணா கிட் உங்களை ஒரு வார்த்தை கேக்காம உங்க ஃபைல் மேலயே அதை எழுதிடும். சாதாரண அன்ட்ராக்டு (கிட்டுக்கு இன்னும் தெரியாத) ஃபைலா இருந்தா "அழிஞ்சுடும், எடுத்து வை"ன்னு நிறுத்தியிருக்கும், இக்னோர் பண்ணதாலதான் நிறுத்தல. டிஃபால்ட்டே அப்படித்தான், வேண்டாம்னா செக்அவுட் கூட --நோ-ஓவர்ரைட்-இக்னோர் குடுக்கணும், தினமும் யார் அதை ஞாபகம் வெச்சு அடிக்கப்போறாங்க.

கிட் க்ளீன் இன்னும் பயங்கரம். சும்மா கிட் க்ளீன் -எஃப்டின்னா இக்னோர் ஆனதைத் தொடாது, அன்ட்ராக்டு மட்டும் போகும். சின்ன எக்ஸ் சேத்து -எஃப்டிஎக்ஸ்னா இக்னோர் ஆனதும் சேந்து மொத்தமும் போகும், நோட்_மாட்யூல்ஸ் கூடவே .ஈஎன்வி, லோக்கல் டேட்டாபேஸ் ஃபைல், எடிட்டர் செட்டிங், எல்லாம். பெரிய எக்ஸ்னா இக்னோர் ஆனது மட்டும் போகும், நீங்க புதுசா எழுதி இன்னும் ஆட் பண்ணாத கோடு தப்பிக்கும், பில்ட் குப்பையை சுத்தம் பண்ண இதுதான் சரி, ஆனா .ஈஎன்வி இதுலயும் போயிடும். எந்த எக்ஸ் போட்டாலும் முதல்ல -எஃப் இடத்துல -என் போட்டு அடிங்க, எதை எதை அழிக்கப்போறேன்னு லிஸ்ட் மட்டும் காட்டும். க்ளீன் அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, கிட் ஹிஸ்டரியிலயும் இருக்காது. சின்ன எக்ஸ் போடறப்ப வெச்சுக்கணும்ங்கறதை -ஈ .ஈஎன்வின்னு தனியா சொல்லி விலக்கலாம், பெரிய எக்ஸுக்கு இது காப்பாத்தாது.

கடைசியா, கிட்ல இக்னோர் பண்ணிட்டா மத்த டூலும் பண்ணிடும்னு நம்பாதீங்க. டாக்கர் (அப்ளிகேஷனை இமேஜா கட்டற டூல்) .கிட்இக்னோரைப் பாக்கவே பாக்காது, .டாக்கர்இக்னோர்னு தனியா எழுதலன்னா காப்பி . . ங்கற வரியில உங்க .ஈஎன்வி, .கிட் ஃபோல்டர் எல்லாம் இமேஜுக்குள்ள போயிடும். சிண்டாக்ஸும் பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் ஒண்ணு இல்ல, அங்க *.லாக்னா ரூட்ல இருக்கறது மட்டும்தான், உள்ள இருக்கறதும் போகணும்னா **/*.லாக்னு எழுதணும். ஜாவாஸ்க்ரிப்ட் பேக்கேஜ் பப்ளிஷ் பண்ற என்பிஎம் இதுக்கு நேர் எதிர். .என்பிஎம்இக்னோர் இல்லன்னா அது .கிட்இக்னோரை எடுத்துக்கும், நீங்க டிஸ்டை கிட்ல தள்ளி வெச்சிருப்பீங்க, பேக்கேஜ் பப்ளிஷ் ஆகும்போது ஓடவேண்டிய டிஸ்டே இல்லாம போய் சேரும், இன்ஸ்டால் பண்றவங்களுக்கு காலி டப்பா. பேக்கேஜ்.ஜேசன்ல ஃபைல்ஸ்ங்கற இடத்துல எது போகணும்னு நேரா எழுதிடறது இதுக்கு நல்லது, பப்ளிஷுக்கு முன்னாடி என்பிஎம் பேக் --ட்ரை-ரன் அடிச்சா எந்தெந்த ஃபைல் உள்ள போகுதுன்னு பேரோட சைஸோட காட்டிடும்.